எல்லையில் சிக்கிய சித்தப்பா

அட்டை விளையாட்டுகள் செய்து விற்பது என் பிழைப்பு. புதிதாக ஒன்று செய்தால் முதலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் ஆடிப் பார்ப்பேன். என் வீட்டார் அழுகுணி ஆட்டத்தில் புலிகள். அவர்களிடம் தாக்குப்பிடித்த விளையாட்டு எந்தக் கடையிலும் விற்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையில் புது ஆள் ஒருவன் இருந்தான். பல் டாக்டர். கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள் என் தங்கை. அம்மாவுக்குச் சம்மதம். அப்பா போன பிறகு எங்களை வளர்த்தவர் சித்தப்பா. அவர் தலையாட்டாமல் எதுவும் நடக்காது. அவரோ, "அடுத்தவன் வாய்க்குள்ள கைய விடறவன் நமக்கு வேணாம்" என்று ஒரே பிடியாக இருந்தார். சாப்பாடு முடியும்வரை அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பொறுக்க முடியாமல் நான் அட்டையை விரித்தேன்.

ஆளுக்கு ஒரு நாட்டு அட்டை. அங்கே குடிமக்கள் துப்பாக்கி வைத்துக்கொள்வது பற்றி ஆடுபவரே சட்டம் சொல்ல வேண்டும். பிறகு நான் ஒரு சம்பவ அட்டையை எடுப்பேன். நாடு அழிந்துபோனால் பக்கத்து நாட்டுக்குள் குடியேறலாம், அங்குள்ள சட்டத்துக்குக் கட்டுப்பட்டு.

அம்மா நாட்டில் தண்ணீர்த் துப்பாக்கிகூடக் கூடாது. "அப்புறம் வீட்டைத் துடைக்கிறது யாரு?"

தங்கை நாட்டில் துப்பாக்கி கணவனிடம், தோட்டா மனைவியிடம்.

"என் நாட்டுல பொறந்த குழந்தைக்கும் துப்பாக்கி உண்டு," என்றார் சித்தப்பா. "எல்லார் கையிலயும் இருந்தா எல்லாரும் மரியாதையா பேசுவாங்க."

பல் டாக்டர் தொண்டையைச் செருமினான். "என் நாட்டுல யாரும் வச்சுக்கலாம் சார். ஆனா, அங்கேயே இருக்கற சொந்தக்காரர் ஒருத்தர் 'இவர் கோபக்காரர் இல்ல'ன்னு ஜாமீன் நிக்கணும்."

"இதெல்லாம் ஒரு சட்டமா?" என்று சித்தப்பா சுவரைப் பார்த்துக் கேட்டார்.

அட்டையை எடுத்தேன். மதியம் எல்லாரும் தூங்கும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஆணி அடிக்கிறார். அம்மா நாட்டில் நாலு வசவோடு முடிந்தது. தங்கை நாட்டில் கணவன் தோட்டாவுக்குக் கெஞ்சி முடிப்பதற்குள் ஆணி இறங்கிவிட்டது. பல் டாக்டரின் ஆட்கள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு புரண்டு படுத்தார்கள். சித்தப்பா நாட்டில் பிறந்த குழந்தைவரை எல்லாரும் சுட்டுக்கொண்டார்கள். மிஞ்சியது சித்தப்பா ஒருவர்தான்.

கையில் துப்பாக்கியோடு அம்மாவின் எல்லைக்குப் போனார்.

"வெளிய வச்சுட்டு வாங்க தம்பி."

அது நடக்காது. தங்கை நாட்டிலோ தோட்டாவை வாங்கி வைக்க மனைவி வேண்டும், சித்தப்பா பிரம்மச்சாரி. வேறு வழியில்லாமல் பல் டாக்டரின் எல்லையில் போய் நின்றார்.

"ஜாமீன்?" என்றேன் நான். நடுவராக இருப்பதில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு என்றுமே வந்ததில்லை.

"அண்ணி, நீங்க சொல்லுங்களேன்!"

"நான் வேற நாடு. அதுவுமில்லாம, பொய் சொல்லிப் பழக்கமில்ல."

"நான் நிக்கிறேன் சார்," என்றான் பல் டாக்டர். "ஆனா சொந்தக்காரரா இருக்கணுமே..."

அம்மாவுக்குப் புரையேறியது. நான் மேசைக்கடியில் குனிந்து சிரித்தேன். தங்கை மட்டும் சிரிக்கவில்லை. மேசை விளிம்பை இறுகப் பிடித்தபடி சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. சித்தப்பா அதைப் பார்த்துவிட்டார். தோற்க மனமில்லாத மனிதர். அவளை அழவிட அதைவிட மனமில்லாதவர்.

"நான் கோபக்காரன் இல்லன்னு நாக்கு கூசாம சொல்லுவீங்களா?" என்று அவனிடம் உறுமினார்.

"சொல்லுவேன்... மாமா. இவர் கோபக்காரர் இல்ல."

"சத்தமா சொல்லுங்க மாப்பிள்ளை!" என்று சித்தப்பா மேசையில் ஓங்கி அடித்த அடியில் நாலு நாடும் தரையில் விழுந்தன.