வேண்டாம் என்று சொல்ல ஒரு பூ

சிவப்புப் பூவைப் பார்த்ததும் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பொட்டலத்துக்குள் சிவப்பு வர வழியே இல்லை. காலையில் இரண்டு பொட்டலத்தையும் கட்டியவன் நான். இரண்டிலும் வெள்ளை அரளியைத்தான் வைத்திருந்தேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் என் நிலைமை புரியும். பென்னாகரத்தில் ஒகேனக்கல் போகிற ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். பெங்களூர்க்காரன், ஆந்திராக்காரன், பாண்டிச்சேரிக்காரன் என்று அருவி பார்க்கப் போகிற அத்தனை பேரும் என் கடை முன்னால்தான் டயரைப் பார்த்துத் தலையில் கை வைப்பார்கள். அவர்கள் ஊர் ஊராகச் சுற்றிய கதையை நான் ட்யூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே கேட்பேன். நான் போன தூரதேசம் மேட்டூர். அதுவும் ஒரு துக்க வீட்டுக்கு.

என் மகள் சுசித்ரா அப்படியில்லை. தருமபுரியில் காலேஜ் படிக்கிறாள், என்சிசியில் வேறு இருக்கிறாள். அவள் பேச்செல்லாம் மலையும் பனியும்தான். லடாக்குக்கு பைக்கில் போவாளாம், பனியில் கூடாரம் போட்டுத் தூங்குவாளாம், பாராசூட்டில் குதிப்பாளாம். சாப்பிடும்போதுகூட தட்டுக்குப் பக்கத்தில் செல்போனில் யாரோ ஒருத்தி கயிற்றில் தொங்கிக்கொண்டிருப்பாள். "பாத்துடி, கொழம்புல விழுந்துறப் போறா" என்பாள் என் மனைவி சுகுணா.

இவ்வளவு வாய் கிழியப் பேசுகிறவள் இதுவரை பரிசலில் ஏறியதில்லை. சின்ன வயதில் ஒரு தடவை ஒகேனக்கலில் பரிசலுக்குள் இறக்கிவிடப் போனபோது, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். அதை யாராவது ஞாபகப்படுத்தினால் இப்போதும் மூக்குக்கு மேல் கோபம் வரும். "அது சின்ன வயசு" என்று எழுந்து போய்விடுவாள்.

போன மாதம் அவளை மலையேற்றப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இமயமலையில் முகாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைச் சுவரில் பெரிய பனிமலைப் படம் வாங்கி ஒட்டினேன். வண்டி நிறுத்தியவர்களிடமெல்லாம், "எம்பொண்ணு இங்கதாங்க ஏறப் போவுது" என்று ஸ்பானரால் தொட்டுக் காட்டினேன். காற்றடிக்க மட்டும் வந்தவனையும் நான் விடவில்லை.

சுகுணாதான் ஒப்பவில்லை. அழுதாள், சோறு ஆக்காமல் படுத்தாள். கடைசியில் ஒரு வழிக்கு வந்தாள். "ஆத்தாகிட்ட பூக்கட்டிப் பாத்துரலாங்க. வெள்ளை வந்தா போவட்டும். சிவப்பு வந்தா அப்பனும் மவளும் வாயத் தெறக்கக் கூடாது."

பெண் எடுப்பது, போர் போடுவது, எருமை வாங்குவது எல்லாம் எங்கள் வீட்டில் அப்படித்தான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில். சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்வோம். எடுத்த பூதான் ஆத்தாவின் வாக்கு. பொட்டலம் கட்டுவது வீட்டு ஆம்பளை வேலை.

ஆத்தா மேல் எனக்கு பக்தி உண்டு. ஆனால் மகள் விஷயத்தில் ஆத்தாவைக்கூட நம்ப மனசு வரவில்லை. வாசல் செடியில் வெள்ளை அரளியாகப் பார்த்துப் பறித்தேன். வாழை இலையில் வைத்து இரண்டு பொட்டலத்தையும் கட்டி, பூஜைக் கூடையில் போட்டேன். 'நல்ல காரியத்துக்குத்தான் தாயே' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கூடையைச் சுசித்ரா எடுத்துக்கொண்டு வந்தாள்.

கோயிலில் பூசாரி அர்ச்சுனன் அண்ணன் கற்பூரம் காட்டிவிட்டுத் தன் பேத்தியை எடுக்கச் சொன்னார். அது எடுத்துக் கொடுத்தது. பிரித்தார். சிவப்பு அரளி.

"ஆத்தா சொல்லிட்டா" என்று சுகுணா கண்ணை மூடிக்கொண்டாள்.

வெள்ளை எப்படிச் சிவப்பாகும்? நான் செய்த திருட்டு வேலை ஆத்தாவுக்குத் தெரிந்துபோய்விட்டதா? வெளியில் சொல்லவும் முடியாது. திருடனுக்குத் தேள் கொட்டினால் அவன் எங்கே போய்க் கத்துவான்? சுசித்ராவைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பாவம், புள்ளைக்கு ஆசையெல்லாம் மண்ணாகிவிட்டதே என்று நினைத்தேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணா, இது செல்லாதுங்க."

"ஏன்டா மாதேஷு?"

"நான் ரெண்டுலயும் வெள்ளையத்தான் வெச்சேன்."

சுகுணா கண்ணைத் திறந்தாள். "என்னது? ஆத்தா முன்னாடியே பித்தலாட்டமா? உங்களுக்கு நெஞ்சுல ஈரம் இருக்குதா?" கோயில் என்றும் பார்க்காமல் கத்தினாள். அர்ச்சுனன் அண்ணன் அடுத்த பொட்டலத்தைப் பிரித்தார். அதிலும் சிவப்பு.

அவர் தட்டைக் கீழே வைத்தார். "பூ நெறம் மாறி நான் கண்டதில்லடா" என்று பின்னால் நகர்ந்தார். கத்திக்கொண்டிருந்த சுகுணா அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். நானும் விழுந்தேன். தாயே, தெரியாமல் செய்துவிட்டேன், என் குழந்தையை ஒன்றும் செய்துவிடாதே என்று வாய் தன்னால் புலம்பியது.

"எந்திரிப்பா" என்றது சுசித்ராவின் குரல். "ஆத்தா ஒண்ணும் மாத்தல. நான்தான் மாத்துனேன்."

தரையில் கிடந்தபடியே அவளைப் பார்த்தேன். பூ நிறம் மாறியதைக்கூட நம்பிவிட்டேன், இதை நம்ப முடியவில்லை.

"நீயா?"

"கால் கழுவப் போனேன்ல, கொழாயடில. அங்கியே சிவப்பு அரளிச் செடி இருக்குது."

"ஏன் கண்ணு? நீதான போவணும்னு துடிச்ச?"

"பயமா இருக்குதுப்பா" என்றாள். அப்புறம் கொட்டித் தீர்த்தாள். "வீடியோல பாக்கறப்ப நல்லாதான் இருந்துச்சு. என் பேரு வந்துச்சுன்னு சொன்னதுல இருந்து தூக்கமே இல்ல. வேணாம்னு சொல்லலாம்னு பாத்தா, நீ கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்ட. படத்த வேற ஒட்டிட்ட. ஆத்தா சிவப்பு குடுத்துட்டா தப்பிச்சுக்கலாம்னு இருந்தேன். எது சிவப்புன்னு தெரிஞ்சா அத மேல வெக்கலாம்னுதான் பிரிச்சேன். ரெண்டுலயும் வெள்ளை." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "வேணாம்னு சொல்ல எனக்கு ஒரு பூகூட நீ வெக்கலியேப்பா."

அவளைத் தடுக்கக் கூடாது என்று நினைத்துத்தான் அத்தனையும் செய்தேன். அவளை ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

சுகுணா எழுந்து சேலையை உதறினாள். "பூவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நீ உன் வாயால சொல்லுடி. போறியா, இல்லியா?"

சுசித்ரா என்னைப் பார்த்தாள். நான் கோயில் மணியைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்தால் இன்னொரு பொய் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது.

"இந்த வருஷம் வேணாம்ப்பா."

எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்தப் பனிமலையில் ஏற ஆசைப்பட்டது அவளா நானா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "சரி கண்ணு" என்றேன்.

வெளியே வந்து வண்டியைத் தள்ளினேன். சுசித்ரா முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"அப்பா, ஞாயித்துக்கெழம ஒகேனக்கல் போலாமா? பரிசல்ல ஏறிப் பாக்கறேன்."

"பரிசலா?" என்று சுகுணா நடுரோட்டில் நின்றுவிட்டாள். "மொதல்ல ஆத்தாகிட்ட ஒரு..." என்று ஆரம்பித்தவள், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.