சனிராயக்குக்குப் பதினைந்து நிமிடம்

வடதுருவப் பக்கத்துத் தீவூரான இக்லூலிக்கிலிருந்து கடலுக்கு அக்கரையிலுள்ள சனிராயக்குக்கு வானில் எழுபது கிலோமீட்டர்கூட இல்லை. விமானம் ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். அக்டோபரில் அதைவிட்டால் வேறு வழியும் கிடையாது. கடல் அரைகுறையாக உறைந்து கிடக்கும். படகும் போகாது, பனிவண்டியும் போகாது.

பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்த மக்பா, தங்கை இவாலு பெற்ற பிள்ளையைப் பார்க்க லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள். தங்கைக்குப் பிடிக்குமே என்று கலைமான் நாக்கு நான்கை உறையவைத்துப் பெட்டியில் எடுத்துக்கொண்டாள்.

சனிராயக்கின் மேல் மூடுபனி. விமானம் இரண்டு முறை தாழ்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேலேறியது. இறங்க முடியாது, நேராக இகாலுயிட் போகிறோம் என்று விமானி அறிவித்தார். எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். மக்பா சன்னலில் நெற்றியை வைத்துக் கீழே பார்த்தாள். வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

இகாலுயிட்டில் சித்தி மகள் பிட்சியுலாக் வீட்டில் தங்கினாள். அங்கிருந்து தங்கைக்குப் போன் போட்டாள்.

"சத்தம் கேட்டுச்சுக்கா. வாசல்ல நின்னு கையக்கூட ஆட்டினேன்," என்று சிரித்தாள் இவாலு.

"சிரிப்பாடி உனக்கு? பேரு வச்சாச்சா?"

"உக்பிக்."

இறந்துபோன அப்பாவின் பெயர். அவர்கள் வழக்கத்தில் பெயர் வந்துவிட்டால் ஆளே வந்த மாதிரிதான்.

"அப்பா என்ன பண்றாரு?" என்று மெதுவாகக் கேட்டாள். தான் பெற்ற பிள்ளையை இவாலுவும் அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

"பால் குடிச்சிட்டுத் தூங்குறாரு. குறட்டைகூட அவர் மாதிரியேதான்."

பனிப்புயலில் மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் விமானம் சனிராயக்கில் இறங்கியது. இவாலு பிள்ளையை மேலங்கியின் முதுகுப்பக்கம் பைபோல் தொங்கும் தொப்பிக்குள் சுமந்தபடி நின்றிருந்தாள்.

"பெட்டி இவ்வளவு லேசா இருக்கு?"

"நாக்கு இருந்துச்சு. பிட்சியுலாக் பிள்ளைங்க தின்னு தீத்துட்டாங்க. கேக்கும்போது இல்லேன்னு சொல்ல முடியல."

"நீ அப்பாவேதான். வேட்டையில கிடைச்சதையெல்லாம் வழியிலயே குடுத்துட்டு வெறுங்கைய வீசிட்டு வருவாரே."

மக்பா பிள்ளையை வாங்கித் தன் தொப்பிக்குள் விட்டுக்கொண்டாள். கழுத்தில் அதன் மூச்சு சூடாகப் பட்டது.

வீட்டுக்கு நடக்கும் வழியில் ஒரு கிழவர் வண்டியை நிறுத்தினார். அப்பாவோடு முப்பது வருடம் வால்ரஸ் வேட்டைக்குப் போனவர். கையுறையைக் கழற்றிவிட்டு, தொப்பிக்குள் விரலை நீட்டினார்.

"என்னடா உக்பிக், எப்ப வந்தே?"

"அவர் வந்து மூணு வாரமாச்சு மாமா," என்றாள் மக்பா. "நான்தான் லேட்டு."

கிழவர் விரலை எடுக்கவில்லை. பிள்ளை அதை இறுகப் பிடித்திருந்தது.