சிவப்புப் பூச்சிக்கு ஆண் கிடைக்கவில்லை

1.

இந்தக் கதை எனக்கு ஜன்னல் வழியாகக் கிடைத்தது. எதிர்வீட்டு எலுமிச்சைச் செடிக்கு முன்னால் ஒருவர் முட்டி போட்டு, பூதக்கண்ணாடியால் ஒரு வண்ணத்துப்பூச்சியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணி உலர்த்த வந்த அவர் மனைவி கேட்டாள்:

"அங்க என்ன பாக்கறீங்க?"

"ஆணா பொண்ணான்னு."

"எதுக்கு, வரன் பாக்கறீங்களா?"

காதில் விழுந்தது அவ்வளவுதான். மீதியை நேரில் போய்க் கேட்டிருக்கலாம். செருப்பைக்கூட மாட்டினேன். அப்புறம் கழற்றிவிட்டு எழுத உட்கார்ந்தேன். (ஆகவே இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.)

2.

முதல் தொடக்கம்: பொன்னிறக் கதிர்கள் பூமியைத் தழுவிய அந்த இனிய—

வேண்டாம். நடந்தது மொட்டை வெயிலில்.

இரண்டாவது: அவர் காட்டில் வண்ணத்துப்பூச்சி ஆராய்பவர். மாமியார் தையல் கடை நடத்துபவர். மாமியார் அவரோடு பேசுவதில்லை.

இது பரவாயில்லை. ஏன் பேசுவதில்லை? கல்யாணத்தன்று போட்டோ எடுக்கும் நேரம் பார்த்து மாப்பிள்ளை ஒரு பூச்சியைத் துரத்திக்கொண்டு ஓடிவிட்டார். கூடத்தில் மாட்டிய படத்தில் பெண் இருக்கிறாள், மாமியார் இருக்கிறார், நடுவில் ஓர் ஆள் அளவுக்குக் காலி இடம் இருக்கிறது.* அன்றிலிருந்து மாப்பிள்ளை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் பேச்சு மகளிடம்தான்: "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, டீ ஆறுது."

* போட்டோக்காரர் ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்காதீர்கள். காத்திருந்தால் எனக்குக் கதை இல்லை.

3.

ஒருநாள் காட்டோரத்தில், கறுப்பு இறக்கையில் சிவப்புப் புள்ளி வைத்த ஒரு பூச்சியைக் கண்டார். புது இனம் என்று முடிவு கட்டி, அதற்கு மாமியார் பெயரை வைக்கப்போவதாக வீட்டில் அறிவித்தார்.

தையல் இயந்திரம் நின்றது.

"என்ன கலர்?" என்றார் மாமியார், நேராக அவரிடமே.

"கறுப்புல சிவப்பு, அத்தை."

"எடுப்பாத்தான் இருக்கும்."

அடுத்த வாரமே தையல் கடைப் பலகையில் அந்தப் பூச்சியை வரையச் சொல்லி ஏற்பாடாயிற்று. மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்தது. ஒரே சிக்கல், கிடைத்த சிவப்பெல்லாம் பெண். ஆண் எங்கே என்று உடன் வேலை செய்பவர்கள் துளைத்தெடுத்தார்கள்.

"ஆம்பிளைங்க கூச்ச சுபாவம். வெளிய வரமாட்டாங்க," என்று மனைவியிடம் சமாளித்தார்.

"அப்படியா? நீங்க எப்பவும் வெளியதான இருக்கீங்க."

4.

ஆண் வந்தது. எலுமிச்சைச் செடியில் சிவப்பும், வெள்ளைப் பட்டை போட்ட ஒரு கறுப்பும் வாலோடு வால் ஒட்டி உட்கார்ந்திருந்தன. (இன்னும் விவரமாக எழுதினேன். எனக்கே முகம் சூடாகி அடித்துவிட்டேன்.)

வெள்ளைப் பட்டை தெருவெங்கும் பறக்கும் சாதாரணப் பூச்சி. அதில் ஆண்களுக்கு ஒரே சீருடை. பெண்களில் சில அதையே உடுத்தும். வேறு சில, பறவைகள் தொடாத ஒரு கசப்புப் பூச்சியைப் போலச் சிவப்பு உடுத்தித் தப்பிக்கும். இதெல்லாம் அவர் படித்ததுதான். ஆசை வந்தபோது படித்தது எந்த மூலையில் போய் ஒளிந்ததோ.

"புது இனமெல்லாம் இல்ல. அதே பழைய பூச்சிதான், கசப்புப் பூச்சியோட உடுப்புல," என்றார் மனைவியிடம்.

"கசக்கற மாதிரி வேஷம், உள்ள கசப்பில்ல. எங்கம்மா பேரு பொருத்தமாத்தான இருக்கு."

"அதுக்கு ஏற்கனவே பேர் இருக்குடி."

"அப்ப அம்மாகிட்ட யார் சொல்றது?"

"நீ சொல்லேன்."

"அவங்கதான் இப்ப உங்ககிட்ட நேரா பேசறாங்களே."

5.

முடிவு அ: சொல்லிவிடுகிறார். மாமியார் மகள் பக்கம் திரும்பி, "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, வழிய மறைக்காம நிக்கட்டும்." (எனக்கே மனசு கேட்கவில்லை.)

முடிவு ஆ: மறைத்துவிடுகிறார். கூட வேலை செய்பவர் ஒருவர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்து, பலகையை அண்ணாந்து பார்த்து—

முடிவு இ: மாமியார் புன்னகையுடன், "எனக்கு அப்பவே தெரியும் மாப்பிள்ளை—" சீ. இது நாடகம்.

கடைசியில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மாப்பிள்ளை கடை ஏணிக்கு அடியில் நிற்கிறார். மேலே பெயின்டர் ஓர் இறக்கையை முடித்துவிட்டு, "சார், அடுத்ததுக்கும் சிவப்புத்தானே?" என்கிறார். கழுத்தில் அளவு நாடாவோடு மாமியார் வாசலுக்கு வந்து, "மாப்பிள்ளையே சொல்லட்டும்," என்கிறார்.

அவர் வாயைத் திறந்துவிட்டார். அதில் என்ன வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். தூரிகை சொட்டப்போகிறது, அவர் போட்டிருக்கும் வெள்ளைச் சட்டை அத்தை ஆசையாகத் தைத்துக் கொடுத்தது.