கியர் போடும் கை

அன்று காலை பல் துலக்கப் போன டிரைவர், குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார். பேஸ்ட் வைக்க இடது கையில் எடுத்த பிரஷ் நிற்கவில்லை. மணிக்கட்டு, தண்ணீர் காணாத கீரைத்தண்டு போலத் தொங்கிக் கிடந்தது. தூக்கிப் பார்த்தார், வரவில்லை. விரல்களை விரித்துப் பார்த்தார், அதுவும் இல்லை. முப்பது வருடமாகப் பேருந்தில் கியர் போட்ட கை அது.

பக்கவாதம் என்றுதான் முதலில் நினைத்தார். அவருடைய அப்பாவை அப்படித்தான் ஒரு காலையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மனைவியை மெதுவாகக் கூப்பிட்டார். வந்து பார்த்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த தெருவில் இருந்த மகள் டாக்சியோடு வந்து சேர்ந்தாள். வழி நெடுக அவள் அப்பாவைச் சிரிக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். வாய் கோணுகிறதா என்று சோதிக்கிறாளாம். கிலியில் கிடக்கிற மனிதனுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

மருத்துவமனையில் அவரைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். புருவத்தைத் தூக்கச் சொன்னார், காலை மடக்கி நீட்டச் சொன்னார், பேச்சுக் கொடுத்தார். பிறகு முழங்கையை நீட்டச் சொன்னார். அது நன்றாகவே நீண்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையைப் பஞ்சால் தொட்டபோது மட்டும், யாரோ போர்வைக்கு மேல் தொடுவது போல இருந்தது.

"என் விரலை அமுக்கிப் பிடிங்க."

பிடித்தார். குழந்தையின் பிடி மாதிரி இருந்தது. டாக்டர் அவருடைய மணிக்கட்டைத் தன் கையால் நிமிர்த்தித் தாங்கிக்கொண்டு, மறுபடி பிடிக்கச் சொன்னார். இந்த முறை பிடித்த பிடியில் டாக்டரின் முகமே சுளித்தது. விரல்களில் பலம் அப்படியே இருக்கிறது, மணிக்கட்டு நிமிராததால்தான் பிடி இறங்குகிறது என்று விளக்கிவிட்டு, இது பக்கவாதம் இல்லை என்றார். மகள் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மேல்கை எலும்பைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு இறங்குகிறது. மணிக்கட்டையும் விரல்களையும் தூக்குவது அதன் வேலை. எலும்பை ஒட்டி வளைகிற இடத்தில் அதற்கு மெத்தை என்று சொல்ல ஒன்றுமில்லை. வெகுநேரம் அமுங்கினால் நரம்பு மயங்கிவிடும். முழங்கையை நீட்டுவதற்கான கிளை அதற்கு மேலேயே பிரிந்துவிடுவதால் அது தப்பித்தது. இதையெல்லாம் டாக்டர் தன் கையிலேயே தொட்டுக் காட்டினார். அப்புறம்தான் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டார். நேற்று எப்படித் தூங்கினீர்கள்?

டிரைவர் சுவரைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள். விவரம் புரிந்த மகள் மின்விசிறியைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். மனைவியின் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். துணைக்குப் போன தங்கைக்கு ஒரு மாதமாக ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே தூக்கம். முந்தின நாள் மாலைதான் வீடு திரும்பியிருந்தாள். அக்காவின் கதையைச் சொல்லிக்கொண்டே அவர் கையில் தலை வைத்துச் சாய்ந்தவள், பாதி வாக்கியத்தில் தூங்கிப்போனாள்.

"கை மரத்துப்போறது தெரியலையா?" என்று டாக்டர் கேட்டார்.

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் எடுக்கல?"

"நல்லாத் தூங்கிட்டு இருந்தா. எழுப்ப மனசு வரல. அப்படியே நானும் தூங்கிட்டேன்."

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு மருந்துச் சீட்டை எழுதினார். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களிடம்தான் இதை அதிகம் பார்த்திருப்பதாக மட்டும் சொன்னார்.

மணிக்கட்டை நிமிர்த்தி வைக்க ஒரு பட்டை, சில பயிற்சிகள், பொறுமை. நரம்பு அறுந்து போகவில்லை, சில வாரங்களில் தானாக விழித்துக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் மனைவிக்கு மனசு ஆறவில்லை. அன்று முதல் கட்டிலின் மறு ஓரத்தில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு படுத்தாள். அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போதெல்லாம் கண் கலங்கினாள்.

"உனக்குத் தலைக்கனம்னு உங்க அக்கா எத்தனை தடவை சொல்லியிருக்காங்க. நான்தான் நம்பல" என்றார் அவர். அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

வீட்டில் இப்படி ஆறிக்கொண்டிருந்த விஷயம், பணிமனையில் வேறு விதமாகக் கொதித்தது. புதிதாக வந்திருந்த மேலாளர் கறார் பேர்வழி. போதையில் வண்டி எடுக்க வந்த ஒரு ஓட்டுநரை அண்மையில்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். 'தூக்கத்தில் நரம்பு அழுந்தியது' என்ற மருத்துவச் சான்றைப் பார்த்ததும் கைபேசியில் தேடினார். நிறையக் குடித்துவிட்டு நாற்காலி முதுகில் கையைத் தொங்கவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு இது வரும் என்று போட்டிருந்தது. அவருக்கு அது போதும். டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டார். டிரைவரோ, தூக்கத்தில் ஆனது என்பதற்கு மேல் வாயைத் திறக்காமல், முகம் சிவந்து நின்றார். குற்றவாளிக்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டுமா? மறுநாள் விசாரணை என்றார்கள்.

ஒரு சொட்டு மதுவை நாக்கில் வைத்தறியாத மனிதர் வீட்டுக்கு வந்து, டீயை ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி துருவித் துருவிக் கேட்டு விஷயத்தைக் கறந்தாள்.

"உள்ளதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"உன்னை ஏன் அந்த இடத்துக்கு இழுக்கணும்? நாளைக்கு நாலு பேர் கேலி பேசுவாங்க."

அவள் ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கடையில் மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கக்கூடக் கூச்சப்படுகிறவள் அவள். அதனால் மறுநாள், மேலாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த டிரைவர், வண்டிகளுக்கு நடுவே புகுந்து வருகிற மனைவியைக் கண்டு கனவோ என்று நினைத்தார். அவள் அவரைத் திரும்பிப் பார்க்காமல் நேராக உள்ளே போனாள். கதவு திறந்தே இருந்தது.

"சார், அவர் குடிக்கல. அவர் கையில தலை வச்சுப் படுத்திருந்தது நான். இடுப்பு முறிஞ்ச எங்க அக்காவுக்குத் துணையா ஆஸ்பத்திரியில இருந்து ஒரு மாசம் எனக்குத் தூக்கம் இல்லன்னு, கையை எடுக்காம இருந்துட்டார். சந்தேகம் இருந்தா டாக்டரம்மாவைக் கேளுங்க." ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது. வெளியே டிரைவருக்குக் காது மடல் வரை சூடேறியது. ஆனாலும் அவளை இத்தனை வருடத்தில் இவ்வளவு பிடித்ததில்லை என்று தோன்றியது.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளை உட்காரச் சொன்னார். பிறகு, "உங்க அக்கா இப்ப எப்படி இருக்காங்கம்மா?" என்று கேட்டார். கம்பு ஊன்றி நடக்கிறாள் என்றாள். வேறெதையும் அவர் கேட்கவில்லை. டிரைவரை உள்ளே கூப்பிட்டு, அவசரப்பட்டுவிட்டேன் என்று நேராகவே சொன்னார். கை தேறும்வரை அறிவிப்பு அறையில் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

மாலைக்குள் பணிமனை முழுக்க அவருக்குத் 'தலையணை' என்று பெயர் விழுந்துவிட்டது. அவரும் அந்தப் பெயருக்கு முகம் சுளிக்காமல் திரும்பிப் பார்க்கப் பழகினார்.

ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு மதியத்தில் மணிக்கட்டு லேசாக நிமிர்ந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கட்டைவிரல் மட்டும் கடைசிவரை அடம் பிடித்தது. அது நிமிர்ந்த அன்று, வீட்டில் மனைவியின் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

டாக்டர் சோதித்துச் சம்மதம் சொன்ன பிறகு, ஒரு திங்கட்கிழமை பேருந்தை எடுத்தார். முதல் நிறுத்தத்திலேயே மனைவி நின்றிருந்தாள். ஏறி, அவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தாள். எங்கே போக வேண்டும் என்று நடத்துநர் கேட்டார்.

"இது எதுவரைக்கும் போகுமோ, அதுவரைக்கும்" என்றாள்.

டிரைவர் கண்ணாடியில் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, கியரை மாற்றினார்.