சுற்றாத குண்டான்

சானமாவு காட்டருகே யானை ஒன்று சாலையில் இறங்கியதும் சுரேந்தர் பிரேக்கை அழுத்தினான். யானை தன் வழியே போய்விட்டது. வண்டியோடு சாய்ந்தவனுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிய பிறகும் அந்தக் கையில் பிடிமானம் திரும்பவில்லை.

ஓசூர் சிப்காட் ஓரத்தில் அவன் நடத்திய சாப்பாட்டுக் கடைக்கு ராகிக் களியால்தான் பேர். களி கிண்டும்போது இடது கை கவைக்கோலால் குண்டானை அழுத்திப் பிடிக்க வேண்டும். வலது கை துடுப்பைப் போட வேண்டும்.

"பிடிக்க ஒரு ஆளு வெச்சுக்கலாமே" என்றாள் மனைவி ரேவதி.

"அவன் ஒரு பக்கம் இழுப்பான், நான் ஒரு பக்கம் இழுப்பேன். பதம் போயிடும்."

ஆள் வைக்காமல் தனியாகவே கிண்டிப் பார்த்தான். குண்டான் சுழன்று, கொதிக்கும் களி காலில் தெறித்தது. அன்றே கடையின் ஷட்டரை இறக்கிவிட்டான்.

ரேவதிக்கு அது பொறுக்கவில்லை. தொழிற்சாலையில் அவள் வேலையே, துளை போடும்போது இரும்புத் துண்டு அசையாதபடி பிடிக்கும் ஃபிக்சர்கள் செய்வதுதான்.

"எவ்ளோ பெரிய இரும்பையே அசையாம நிறுத்துறேன். ஒரு குண்டானா எனக்கு ஆட்டங் காட்டும்?"

வெல்டிங் பட்டறையில் வளையம் ஒன்று செய்து, அடுப்பின்மேல் குண்டானை இறுக்கி முடுக்கினாள். குண்டான் அசையவே இல்லை. சூட்டில் விரிந்து சிக்கிக்கொண்டதால் இறக்கவும் முடியவில்லை. களி அடிப்பிடித்துத் தெருவெல்லாம் நாறியது.

"நல்லாத்தான் பிடிச்சிருக்குது" என்றான் சுரேந்தர். விபத்துக்குப் பிறகு அவன் சிரித்தது அப்போதுதான்.

ரேவதி அசரவில்லை. மறுநாள் குண்டானில் ஈர மணலைக் கொட்டி அவனைக் கிண்டச் சொல்லி, குனிந்து கவனித்தாள்.

"இது மேல எழும்பலைங்க. சுத்துது, அவ்ளோதான். இறுக்கிப் பிடிக்கவே வேணாம். சுத்த உடாம தடுத்தா போதும்."

அடுப்பின் இருபுறமும் கட்டையான இரும்புக் கம்பிகளை நிறுத்தினாள். குண்டானின் காதுகள் அவற்றில் முட்டி நின்றன. மேலே தூக்கினால் தடையில்லாமல் வந்தது.

"அடுப்பையும் முட்டி உயரத்துக்கு இறக்கு ரேவதி. உடம்பு பாரத்தப் போட்டுக் கிண்டலாம்" என்றான் அவன். அது அவளுக்குத் தோன்றாத யோசனை. அப்படியே செய்தாள்.

மறுபடி கடை திறந்த அன்று, இடது கையைத் துடுப்பின்மேல் சும்மா வைத்துக்கொண்டு, வலது கையால் அழுத்திக் கிண்டினான். களி கட்டியில்லாமல் திரண்டது. மதியம் ஷிப்ட் விட்டு வந்தவர்கள் உருண்டைமேல் உருண்டையாகக் கேட்டு வாங்கினார்கள்.

பக்கத்து இட்லிக் கடைக் கெம்பம்மா வந்து அடுப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுக்கும் ஒண்ணு மாடிக் கொடு, ரேவதி" என்று, செய்து தரச் சொல்லிக் கன்னடம் கலந்து கேட்டாள்.

"உனக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்குது, அக்கா?"

"இருந்தா? காலம்பூரா குண்டானப் பிடிச்சுக்கினே நிக்கணுமா?"

ஓடிப்போய்த் தன் பாத்திரத்தை எடுத்து வந்தாள். அதற்குக் காதே இல்லை. ரேவதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வெச்சுட்டுப் போ அக்கா. ஞாயித்துக்கிழமைக்குள்ள வழி பண்ணிடலாம்."