கயிற்றின் மறுமுனை

காலை பத்து மணிக்கு வுக்சான் தன் மெத்தைக் கடை வாசலில் உட்கார்ந்து மூன்றாவது காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். நிக்ஷிச் நகரத்தில் அவரிடம் மெத்தை வாங்கியவர்கள் ஏமாந்ததில்லை. எந்த மெத்தையையும் ஒரு வாரம் தானே படுத்துப் பார்த்த பிறகுதான் விற்பார். வயது நாற்பத்தெட்டு, எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. அவர் கடைசியாக ஓடியது தம் கல்யாணத்தன்று மழை பிடித்துக்கொண்டபோது. அதுவும் பாதி தூரம்தான். மீதியை நனைந்துகொண்டே நடந்தார் என்பதற்குச் சாட்சிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

அந்தக் கல்யாணத்தில் அவருக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் பிளாஜோ. அப்படி நின்றவனை நம் மலைநாட்டில் 'கூம்' என்போம். கூடப்பிறந்தவன்மேல் வழக்குப் போடலாம், வேலியைப் பிடுங்கலாம். கூம் ஒன்று கேட்டு இல்லையென்று சொன்னவனின் பசு மூன்று தலைமுறைக்குப் பால் கறக்காது. நம் மக்கள் ஆறு லட்சம் பேர். அதில் ஏதாவதொரு சங்கத்துக்குத் தலைவராக இல்லாதவர்கள் நானூறு பேர் தேறினால் அதிகம். பிளாஜோ, 'கருங்கழுகு' மாற்றுத்திறனாளி விளையாட்டுச் சங்கத்தின் தலைவர்.

"கூமே, உலகப் போட்டிக்குத் தூர கிழக்குக்குப் போறோம். பதினோரு நாள். நீயும் வா."

"நான் வந்து என்னய்யா செய்யப் போறேன்?"

"கயிறு பிடிக்கணும். கண் தெரியாத பொண்ணு ஒண்ணு ஓடுது. அவ கையில ஒரு முனை, உன் கையில ஒரு முனை. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். ஓடறது அவ. நீ சும்மா கூடப் போற."

"தபால்காரர் மிலுதின்தானே அவளோட ஓடுவாரு?"

"அவன்தான் தினம் ஓடறானே! உலகத்தைப் பார்க்காதவன் நீதானே? யார் குடி முழுகப் போகுது?"

வுக்சான் யோசித்துப் பார்த்தார். யார் குடியும் முழுகுவதாகத் தெரியவில்லை. சரி என்றார்.

ஏழு பேர் கொண்ட குழு. தலைவர், துணைத் தலைவர், செயலாளர், கொடி பிடிப்பவர், தலைவரின் பல் வைத்தியர், கயிறு பிடிக்க வுக்சான். இடம் மிஞ்சியதால் ஓட்டக்காரி ஒருத்தியையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அவள் பெயர் ரொக்சாந்தா. ஒன்பது வயதில் பார்வை போனது. இப்போது முப்பத்தாறு. ஆறு வருடமாக விடியற்காலையில் ஏரிக்கரைச் சாலையில் மிலுதினோடு ஓடியவள். வசந்தத்தில் ஓடிய வேகத்தில் ஓடினால் வெண்கலம் நிச்சயம் என்று, கணக்குத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அடுத்த போட்டி வரும்போது அவளுக்கு நாற்பது வயதாகிவிடும். இதை விட்டால் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

விமான நிலையத்தில் அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இது யாரோட நடை? பீப்பா உருள்ற மாதிரி இருக்கு. மிலுதின் எங்க?"

"பட்டியல்ல வுக்சான் பேருதான் இருக்கும்மா. வர்றதுன்னா வா. இல்லைன்னா வீட்டுக்குப் போ," என்றார் பிளாஜோ.

அவள் வந்தாள். அதே நேரத்தில் மிலுதின், கூட்டிப்போக வண்டி வரும் என்று பெட்டியும் கையுமாகத் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். மத்தியானம் வரை நின்றார். பிறகு பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, தபால் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

போய்ச் சேர்ந்த மறுநாள் இருவரும் பயிற்சித் திடலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணே, ஓடத் தெரியுமா?"

"தெரிஞ்சுது. மறந்துபோச்சு."

ரொக்சாந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, உங்க வேகத்துக்கு நான் முடிஞ்ச மட்டும் குறைச்சுக்கிறேன். ஆனா வாய் மட்டும் நிக்கக் கூடாது. வளைவு வந்தா 'வளைவு', நேர்பாதை வந்தா 'நேர்'. எனக்குக் கண்ணு அதுதான். கயிறு கைக்கு மட்டும்தான்."

"பேசறதுல குறை வைக்க மாட்டேன் தங்கச்சி. என் பொண்டாட்டியைக் கேட்டுப் பாரு."

இரண்டு நாள் பயிற்சி செய்தார்கள். மூன்றாம் நாள் பிளாஜோ அவரைக் கடைவீதிக்கு அழைத்துப் போய்விட்டார். நான்காம் நாள் ஓட்டம்.

விதிப்படி எல்லா ஓட்டக்காரிகளின் கண்களையும் கறுப்புத் துணியால் மூடினார்கள். துப்பாக்கி வெடித்தது. முதல் வளைவில் வுக்சான், "வளைவு!" என்று அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "நேர்!" என்பது கொஞ்சம் இறங்கிக் கேட்டது. ஒரு சுற்று முடிவதற்குள் நூற்றுப் பன்னிரண்டு கிலோவும் தனித்தனியாக முறையிடத் தொடங்கின.

மற்றவர்களின் காலடிச் சத்தம் முன்னால் தேய்ந்துகொண்டே போனது. அதைத் துல்லியமாகக் கேட்கக்கூடிய காதுகள் அவளுக்கு. ஆறு வருட விடியற்காலைகள் கையைவிட்டுப் போவதைக் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் மெதுவாக ஓடுவாள்? திடலின் எதிர்ப்பக்க நேர்பாதையில் அவள் கால்கள் தாமாகவே நீண்டன.

எதிரே வளைவு வந்தது. வுக்சான் வாயைத் திறந்தார். காற்று உள்ளே போனதே தவிர, சொல் வெளியே வரவில்லை. மறுபடி திறந்தார். கயிற்றை இழுத்தார், அவர்தான் இழுபட்டார். பாதை வளைந்தது. அவள் நேராக ஓடினாள். கோடுகளைத் தாண்டி முழு வேகத்தில் போய் இரும்புத் தடுப்பில் மோதி விழுந்தாள். அவள் முழங்கால்மேல் வுக்சான் விழுந்தார். எலும்பு முறியும் சத்தம் அவருக்குக் கேட்டது.

தரையில் கிடந்தபடி, கண்துணியைக்கூட எடுக்காமல், அவள் கேட்டாள்: "அண்ணே, வளைவு வந்துடுச்சா?"

முழங்கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. அடுத்த வருடம் கோலூன்றி நடக்கலாம், ஓட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரி நடையில் பிளாஜோ ஒரு தாளை நீட்டினார்.

"கூமே, ஒரு கையெழுத்து. 'வீராங்கனை வழிகாட்டியின் சொல்லைக் கேளாமல் பாதை மாறினார்.' அவ்வளவுதான்."

"நான்தான் ஒண்ணும் சொல்லவே இல்லையே."

"அது நமக்குத்தானே தெரியும்? அவ என்ன, கண்ணால பார்த்தாளா?"

சொல்லிவிட்டு பிளாஜோ லேசாகச் சிரித்தார். வுக்சான் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். கல்யாணத்தில் தன் பக்கத்தில் நின்ற அதே முகம்.

"நான் போடமாட்டேன்."

"கூமா கேக்கறேன்டா!"

"கூமாத்தான் அன்னைக்கும் கேட்டே. உள்ள போய் அந்தக் காலைப் பாரு."

தாளை வாங்கித் திருப்பி, அதன் பின்பக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினார். மெத்தை ரசீதைத் தவிர எதையும் எழுதிப் பழகாத கை. ஒரு மணி நேரம் ஆனது. வார்டுக்குள் போய் அவளிடம் படித்துக் காட்டினார். தான் ஓடத் தெரியாதவன் என்பதும், சிபாரிசில் வந்தவன் என்பதும், மிலுதினின் இடத்தில் வந்தவன் என்பதும் அதில் இருந்தன.

"என்னை மன்னிச்சுடு, தங்கச்சி."

"மன்னிப்பெல்லாம் இப்பக் கேக்காதீங்க. வலிக்குது." தாள் சரசரத்த பக்கம் தலையைத் திருப்பினாள். "மிலுதினோட இடத்தை பிளாஜோ கொடுத்தாருன்னு எழுதியிருக்கீங்க. நீங்க வாங்கினதை எழுதலையே?"

வுக்சான் பேனாவைத் திறந்தார்.

"சொல்றேன், எழுதுங்க. தகுதியில்லாதவனுக்கு இடம் கொடுக்கிறவன் மட்டும் திருடன் இல்லை. தனக்குத் தகுதியில்லைன்னு தெரிஞ்சும் 'சரி'ன்னு வாங்கிக்கிறவனும் திருடன்தான். அவன் திருடறது நாற்காலியை இல்லை, இன்னொருத்தரோட வாழ்க்கையை."

வுக்சான் ஒரு சொல்லும் விடாமல் எழுதினார். கீழே தம் முழுப் பெயரைப் போட்டார்.