பூக்கட்டிப் பார்த்தார்கள்

கரட்டுப்பட்டித் தொடக்கப்பள்ளியை எட்டாம் வகுப்பு வரை உயர்த்தப்போகிறார்கள் என்று கேட்டதும் ஜெயக்கொடிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மகள் திவ்யா ஐந்தாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். ஆறாவது படிக்க எழுமலைக்கு பஸ் ஏற வேண்டும். அந்த பஸ்ஸில் போய்வந்த புருஷனுடைய அண்ணன் மகள் போன வருஷம் காலனிப் பையன் ஒருவனோடு போய்விட்டாள். அதோடு இந்த வீட்டுப் பெண் எதுவும் பஸ் ஏறக் கூடாது என்றுவிட்டான் புருஷன் சிவபாண்டி. உள்ளூரில் வகுப்பு வந்தால் படிக்கட்டும். வராவிட்டால் திருப்பூரில் இருக்கும் அவன் தங்கச்சி வீட்டுக்குக் கைக்குழந்தை பார்க்கப் போகட்டும். பேச்சு அவ்வளவுதான்.

புதுக் கட்டடத்துக்குப் பள்ளிக்கூடத்தை ஒட்டிய மந்தைப் பொதுத்திடல்தான் இடம். அதிகாரிகள் வந்து அளந்துவிட்டுப் போன சாயங்காலமே ஊர் கூடிவிட்டது. மாசித் திருவிழாவில் சாமிப் பெட்டியைச் சுமந்து வருகிறவர்கள் இறக்கிவைக்கிற இடம் அது, அங்கே கடைக்கால் தோண்டினால் ஊர் விளங்காது என்றார் ஊரிலேயே அதிக நிலம் வைத்திருக்கும் பெரிய சம்சாரி தங்கப்பாண்டி. வருஷத்தில் ஒரு நாள்தான் பெட்டி அங்கே இறங்கும். மற்ற நாளெல்லாம் அவருடைய டிராக்டர் நிற்கும். அதற்காகச் சாமி கோபித்துக்கொண்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. உள்விஷயம் வேறு. காலனிக்கென்று தனியாகத் தொடக்கப்பள்ளி இருக்கிறது. இங்கே ஆறாவது வந்தால் அந்தப் பிள்ளைகளும் வந்து ஒரே பெஞ்சில் உட்காரும். இதை யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஜெயக்கொடி பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. மல்லிகை பறிக்கப் போகிறவள், எதிர்த்துப் பேச மாட்டாள் என்று நம்பித்தான் அவளை அதில் உட்காரவைத்திருந்தார்கள். அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பெண்கள் தலையை ஆட்டினார்கள், ஆண்கள் டிவியைப் பார்த்தார்கள். ஊர் சம்மதிக்காவிட்டால் கட்டடம் வேறு ஊருக்குப் போய்விடும் என்று தலைமையாசிரியர் கையைப் பிசைந்தார். அடுத்த கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள்.

“சாமி இடம்னுதான சொல்றீக. அப்ப சாமிக்கிட்டயே பூக்கட்டிக் கேப்போம்.”

சாமி பேரை இழுத்தவர்களே சரி என்று தலையாட்டினார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. வயசுக்கு வராத பிள்ளை ஒன்று கண்ணை மூடிக் கும்பிட்டு எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. அதற்குமேல் இந்த ஊரில் அப்பீல் கிடையாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட்டுவிடுவார்கள்.

அவ்வளவு பெரிய விஷயத்தைச் சாமி தலையில் மட்டும் கட்டிவிட ஜெயக்கொடிக்குத் துணிச்சல் இல்லை. பூசாரி கண்ணுச்சாமியைத் தனியே பார்த்து, இரண்டிலும் வெள்ளையே வைத்துவிடும்படி கெஞ்சினாள். அவர் பிடரியைச் சொறிந்துகொண்டே பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவள் மனசு லேசாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் ஊரே நின்றது. பின்னால் யாரும் குறை சொல்லக் கூடாது, ஜெயக்கொடி மகளே எடுக்கட்டும் என்று தங்கப்பாண்டியே சொன்னார். ஜெயக்கொடி, பாவி மகள், அதற்கும் சந்தோஷப்பட்டாள். திவ்யா ஈரத்தலையோடு வந்து, உதடு அசைய வெகுநேரம் கும்பிட்டாள். பிறகு ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார். செவ்வரளி.

கூட்டம் மளமளவென்று கலைந்தது. மற்றப் பொட்டலத்தைப் பூசாரி திவ்யா கையில் கொடுத்துக் கிணற்றுக்கு அனுப்பினார். அவள் போனதும் ஜெயக்கொடி அவர்மேல் பாய்ந்தாள். தங்கப்பாண்டி சொல்லி இரண்டிலும் அரளியைத்தானே வைத்தாய் என்று கேட்டாள்.

“நீ வெள்ளை வைக்கச் சொன்ன தாயி, அவரு செவப்பு வைக்கச் சொன்னாரு. ரெண்டு பேருமே எனக்கு வேண்டியவுக. நான் என்ன செய்ய? ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல செவப்பு, முறைப்படி வச்சுட்டேன்.”

 பூசாரி ஏமாற்றியிருந்தால் அவள் மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். நியாயமாக நடந்துவிட்டதை என்ன செய்வது? சாமியை ஏமாற்றப் போனதற்குச் சாமி கொடுத்த பதிலோ என்ற பயம் வேறு வந்துவிட்டது.

கட்டடம் வேறு ஊருக்குப் போனது. கோடை விடுமுறை முடியும்போது திருப்பூரிலிருந்து போன் வந்தது. சிவபாண்டி மறுநாளே கூட்டிவருவதாகச் சொன்னான். அவன் வேலைக்குக் கிளம்பியதும் ஜெயக்கொடி அன்றைய பூப்பறிப்பை விட்டுவிட்டு மகளைக் கூப்பிட்டாள். இத்தனை வருஷத்தில் புருஷன் பேச்சை அவள் மீறியதில்லை. இன்றைக்கு மீறத் துணிந்துவிட்டாள்.

“கெளம்பு. எழுமலையில ஆறாவது சேத்துவிடுறேன். பஸ்ஸுல நானும் கூட வாரேன். உங்கப்பாவ நான் பாத்துக்கிறேன்.”

திவ்யா பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. தான் படிப்பது சாமிக்கே பிடிக்கவில்லை, மீறினால் வீட்டுக்கு ஏதாவது ஆகிவிடும் என்றாள். கோயிலில் அன்றைக்கு அவள் பள்ளிக்கூடத்துக்காகக் கேட்கவில்லையாம். தான் படிக்கலாமா என்றுதான் கேட்டாளாம்.

 மகளுக்காக ஒரு பொய் சொன்னால் குற்றமில்லை என்று ஜெயக்கொடி துணிந்தாள்.

“அடியே, சாமி ஒண்ணுஞ் சொல்லல. பூசாரி ஏமாத்திட்டாரு. ரெண்டுலயும் செவப்புத்தான் வச்சிருந்தாரு.”

“இல்லம்மா,” என்றாள் திவ்யா. “கெணத்துல போடுறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாத்தேன். வெள்ளைதான் இருந்துச்சு.”